பெரிய செயலி போட்டியாளரை வாங்கும்போது: சிங்கப்பூர் எதைத் தடுத்தது, எதைத் தவறவிட்டது

2018 மார்ச் 26ஆம் தேதி, தென்கிழக்காசியாவின் எட்டு நாடுகளில் நடத்திவந்த தன் கார் அழைப்புத் தொழிலைப் போட்டிச் செயலியான கிராப்பிடம் ஒப்படைத்துவிட்டதாக ஊபர் அறிவித்தது. கைமாறாக அதற்குக் கிடைத்தது கிராப்பில் 27.5 விழுக்காட்டுப் பங்கும் இயக்குநர் குழுவில் ஓர் இடமும். சிங்கப்பூரில் ஊபர் செயலி ஏப்ரல் 8ஆம் தேதியோடு மூடப்படும் என்றார்கள். இரண்டு வார அவகாசம்தான். தேக்காவில் காய்கறிப் பையோடு நின்றபடி இரண்டு செயலிகளையும் மாறி மாறித் திறந்து, எதில் இரண்டு வெள்ளி குறைவு என்று பார்த்துக் கார் கூப்பிட்டுப் பழகியவர்களுக்கு அந்த வழக்கம் அத்துடன் முடியவிருந்தது.

இவ்வளவு பெரிய கைமாற்றத்துக்கு முன் சிங்கப்பூரில் யாரிடமும் அனுமதி கேட்கப்படவில்லை. சட்டப்படி கேட்க வேண்டிய கட்டாயமும் இல்லை. இது பலருக்கு இன்றும் தெரியாத செய்தி என்பதால் இங்கிருந்தே தொடங்குகிறேன்.

சிங்கப்பூரின் போட்டித்தன்மைச் சட்டம் 2004இல் இயற்றப்பட்டது. நிறுவன இணைப்புகள் பற்றிய பகுதி 2007 ஜூலையில் நடப்புக்கு வந்தது. போட்டியைக் கணிசமாகக் குறைக்கும் இணைப்பு கூடாது என்பது 54ஆம் பிரிவின் சாரம். ஆனால் ஓர் இணைப்பை முன்கூட்டியே தெரிவிப்பது நிறுவனங்களின் விருப்பம். எங்கள் இணைப்பால் போட்டி பாதிக்கப்படாது என்று தாங்களே கணித்துக்கொண்டு காரியத்தை முடித்துவிடலாம். அந்தக் கணிப்பு தவறு என்று பிறகு தெரியவந்தால், சிங்கப்பூர்ப் போட்டித்தன்மை, பயனீட்டாளர் ஆணையம் விசாரித்து அபராதம் விதிக்கலாம், இணைப்பைக் கலைக்கவும் உத்தரவிடலாம். அமெரிக்காவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் இந்தியாவிலும் குறிப்பிட்ட அளவைத் தாண்டிய இணைப்புகளை முன்கூட்டியே தெரிவிப்பது கட்டாயம். இங்கே அப்படியில்லை.

ஆணையம் சில அளவுகோல்களைச் சொல்லி வைத்திருக்கிறது. இணைந்த பிறகு ஒரு நிறுவனத்தின் சந்தைப் பங்கு 40 விழுக்காடு அல்லது அதற்கு மேல் இருந்தால் கவனிப்போம் என்கிறது. 20 முதல் 40 விழுக்காட்டுக்குள் இருந்து, முதல் மூன்று நிறுவனங்கள் சேர்ந்து 70 விழுக்காட்டையோ அதற்கு மேலோ வைத்திருந்தாலும் கவனிக்கும். சின்னக் கடைகளும் சிறு நிறுவனங்களும் தங்களுக்குள் இணைவதைப் பற்றி அது கவலைப்படுவதில்லை. பெரும்பாலான தொழில்களுக்கு இந்த ஏற்பாடு சரியாகவே இருந்திருக்கிறது. சிறிய நாட்டில் எல்லா இணைப்புக்கும் மனுப் போடச் சொன்னால் தாள்வேலைதான் மிஞ்சும் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் செயலித் தொழிலில் காலம் வேறு வேகத்தில் ஓடுகிறது. கிராப் - ஊபர் விவகாரத்தில் அது அப்பட்டமாகத் தெரிந்தது.

அறிவிப்பு வெளியான மறுநாளே ஆணையம் விசாரணையைத் தொடங்கியது. ஏப்ரல் 13ஆம் தேதி இடைக்கால உத்தரவு வந்தது: பழைய கட்டண முறையை மாற்றக்கூடாது, ஓட்டுநர்களைக் கட்டிப்போடக்கூடாது, ஊபரிடமிருந்த தகவலைக் கிராப் தன் பலத்துக்குப் பயன்படுத்தக்கூடாது. ஊபர் செயலியின் ஆயுளும் மே 7 வரை நீட்டிக்கப்பட்டது. ஆனால் ஒரு செயலியை உயிரோடு வைத்திருப்பது ஆட்களும் ஓட்டுநர்களும் பயணிகளும்தான். ஆட்கள் போய்விட்டார்கள், ஓட்டுநர்கள் கிராப்புக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். அதன் பிறகு அந்தச் செயலியைத் திறந்து வைத்து என்ன பயன்? கறந்த பால் மடி ஏறாது.

செப்டம்பர் 24ஆம் தேதி தீர்ப்பு. இணைப்புச் சட்டத்தின்கீழ் ஒரு நிறுவனம் விதியை மீறியதாக ஆணையம் முடிவு செய்தது அதுவே முதல்முறை. ஊபருக்கு 65 லட்சத்து 82 ஆயிரத்து 55 வெள்ளியும் கிராப்புக்கு 64 லட்சத்து 19 ஆயிரத்து 647 வெள்ளியும் அபராதம், மொத்தம் சுமார் 1.3 கோடி வெள்ளி. இணைப்புக்குப் பிறகு சலுகைகள் போக மீதி நின்ற கட்டணம் 10 முதல் 15 விழுக்காடு வரை கூடியதாக ஆணையம் கண்டறிந்தது. சந்தையில் கிராப்பின் பங்கு ஏறக்குறைய 80 விழுக்காடு.

ஊபரின் முக்கியமான வாதம், இந்த ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் தான் இங்கிருந்து போயிருப்பேன் என்பது. நட்டத்தில் ஓடிய நிறுவனம் என்பதால் கேட்பவர்களுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. ஆணையம் ஒப்புக்கொள்ளவில்லை. ஏன் என்பதற்கான விடை சில மாதங்களுக்கு முந்தைய ஒரு செய்தியில் இருக்கிறது. 2017 டிசம்பரில், ஊபரின் கார் வாடகை நிறுவனமான லயன் சிட்டியின் 51 விழுக்காட்டை வாங்க கம்ஃபர்ட்டெல்குரோ உடன்பட்டிருந்தது. அந்த ஒப்பந்தம் ஆணையத்தின் பரிசீலனைக்கும் போயிருந்தது. அதாவது உள்ளூரின் மிகப் பெரிய டாக்சி நிறுவனத்தோடு சேர்ந்து கிராப்பை எதிர்க்க ஊபருக்கு ஒரு வழி திறந்திருந்தது. அந்தக் கூட்டணி கைகூடியிருந்தால் இன்று நம் கைப்பேசிகளில் இருக்கும் செயலிகளின் வரிசையே வேறாக இருந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன். கிராப் ஒப்பந்தம் வந்ததும் அது கைவிடப்பட்டது.

இன்னொரு விவரமும் ஆணையத்தின் அறிக்கையில் இருக்கிறது. இணைப்பு விதிகளை விளக்கி இரு நிறுவனங்களுக்கும் முன்பே கடிதம் போயிருந்தது. போட்டித்தன்மை அபராதம் வந்தால் யார் எவ்வளவு கட்டுவது என்பதற்கு இருவரும் ஒப்பந்தத்திலேயே ஏற்பாடு செய்து வைத்திருந்தார்கள். சட்டத்துக்கு உட்பட்டே நடந்தோம், வேண்டுமென்று எதையும் மீறவில்லை என்று கிராப் அப்போது சொன்னது. ஊபர் மேல்முறையீடு செய்தது. 2020 டிசம்பரில் போட்டித்தன்மை மேல்முறையீட்டு வாரியம் அதைத் தள்ளுபடி செய்தது.

கணக்கையும் ஒருமுறை பார்த்துவிடுவோம். கிராப்பில் கிடைத்த பங்குக்கு ஊபர் தன் கணக்கில் போட்ட மதிப்பு 200 கோடி அமெரிக்க டாலருக்கு மேல். அபராதமோ சிங்கப்பூர் வருவாயை மட்டும் வைத்துக் கணக்கிடப்படுகிறது: ஓர் ஆண்டு வருவாயில் 10 விழுக்காடு வரை, அதிகபட்சம் மூன்று ஆண்டுகளுக்கு. எட்டு நாட்டு வியாபாரத்துக்கு ஒரு நாட்டு அளவில் அபராதம். ஆணையம் தன் அதிகாரத்துக்குள் செய்யக்கூடியதைச் செய்தது, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் இந்தத் தொகை எந்த நிறுவனத்தையும் யோசிக்க வைக்காது என்பதைச் சொல்லாமல் விட முடியாது.

அப்படியென்றால் அந்தத் தீர்ப்பு வீணா? இல்லை. அபராதத்தைவிட முக்கியமான ஒரு வரி அதில் இருந்தது. ஓட்டுநர்களையும் டாக்சி நிறுவனங்களையும் தன்னிடம் மட்டுமே ஓட்டவேண்டும் என்று கிராப் கட்டிவைக்கக்கூடாது. இதோடு, ஊபரிடம் இருந்த வாடகைக் கார்களை நியாயமான விலை சொல்லும் எந்தப் போட்டியாளருக்கும் விற்க வேண்டும், ஆணையத்தின் அனுமதியின்றிக் கிராப்புக்கு விற்கக்கூடாது என்ற நிபந்தனையும் வந்தது. பழைய கட்டணக் கணக்கு முறையும் ஓட்டுநர் கமிஷன் விகிதமும் அப்படியே தொடர வேண்டும் என்றும் ஆணையம் சொன்னது.

ஓட்டுநரைக் கட்டக்கூடாது என்ற வரிக்கு ஏன் இவ்வளவு எடை? இந்தத் தொழிலில் புதிதாக வருபவருக்கு இருக்கும் சிக்கல் பணம் மட்டுமில்லை. ஓட்டுநர் அதிகம் இருக்கும் செயலியில் கார் சீக்கிரம் வரும், அதனால் பயணிகள் அங்கே போவார்கள். பயணிகள் அதிகம் இருக்கும் இடத்தில் சும்மா சுற்றும் நேரம் குறைவு, அதனால் ஓட்டுநர்களும் அங்கேயே போவார்கள். இந்தச் சுழற்சி ஒருவர் பக்கம் திரும்பிவிட்டால் மற்றவர் எவ்வளவு நல்ல செயலி செய்தாலும் பிடிக்க முடியாது. சுழற்சியை உடைக்க இருக்கும் எளிய வழி, ஓட்டுநர் இரண்டு மூன்று செயலிகளை ஒரே நேரத்தில் ஓட விடுவது. புதிய நிறுவனத்துக்கு முதல் நாளிலேயே ஆயிரக்கணக்கான கார்கள் கிடைத்துவிடும். அவர்களில் யாரும் பழைய செயலியை விட்டுவிட்டு வர வேண்டியதில்லை.

அப்படித்தான் நடந்தது. 2018 ஜூலையில் டாடா (TADA) என்ற கார் அழைப்புச் செயலி வந்தது. நவம்பர் கடைசியில் கோஜெக் சோதனை ஓட்டம் தொடங்கியது. உள்ளூர்ச் செயலியான ரைட் (Ryde) ஏற்கெனவே இருந்தது. தேக்காவில் தே குடிக்க நிறுத்தியிருக்கும் தனியார் வாடகைக் கார் ஓட்டுநர் யாரிடமாவது பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். எந்தச் செயலியில் கமிஷன் குறைவு, எதில் இந்த வாரம் இன்சென்டிவ் நன்றாக இருக்கிறது, எந்த நேரத்தில் எதை அணைத்து வைக்க வேண்டும் என்று விரல்நுனியில் சொல்வார். அவருடைய பேரம் பேசும் சக்தி அதில்தான் இருக்கிறது. செயலி ஒன்றுதான் என்றால் அது சொல்வதுதான் கமிஷன்.

இந்த உரிமை பிறகு ஒரு வழக்கின் நிபந்தனை என்ற நிலையைத் தாண்டிச் சட்டமாகவும் ஆனது. 2020 அக்டோபர் 30 முதல் நடப்பில் இருக்கும் சட்டத்தின்படி, 800 அல்லது அதற்கு மேற்பட்ட வாகனங்களைக் கொண்ட கார் அழைப்பு நிறுவனங்கள் நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் உரிமம் பெற வேண்டும். உரிமம் பெற்றவர்கள், மற்றவர்களுக்கு ஓட்டக்கூடாது என்று ஓட்டுநர்களைத் தடுக்க முடியாது. போட்டித்தன்மை ஆணையம் தொடங்கிவைத்ததைப் போக்குவரத்து ஆணையம் நிலைப்படுத்தியது. கிராப் - ஊபர் விவகாரத்தில் நமக்கு உண்மையில் மிஞ்சிய பலன் இதுதான் என்பது என் கருத்து.

அடுத்த சோதனை 2023 ஜூலையில் வந்தது. 2,200க்கும் மேற்பட்ட டாக்சிகளை வைத்திருந்த, நாட்டின் மூன்றாவது பெரிய டாக்சி நிறுவனமான டிரான்ஸ்-கேப்பை வாங்கப்போவதாகக் கிராப் அறிவித்தது. இந்த முறை முறைப்படி போட்டித்தன்மை ஆணையத்திடம் தெரிவித்தார்கள், பரிசீலனை முடியும்வரை காத்திருந்தார்கள். 2018இன் அனுபவம் அந்த அளவுக்காவது வேலை செய்திருக்கிறது. ஏறக்குறைய ஓராண்டு ஆராய்ந்தபின் 2024 ஜூலை 11ஆம் தேதி ஆணையம் தன் தற்காலிக முடிவை வெளியிட்டது: இந்த இணைப்பு போட்டியைக் கணிசமாகக் குறைக்கக்கூடும்.

காரணத்தைக் கவனியுங்கள். டாக்சிகளின் எண்ணிக்கையைவிட ஓட்டுநர்களைப் பற்றித்தான் ஆணையம் அதிகம் கவலைப்பட்டது. டிரான்ஸ்-கேப் கிராப்பின் கைக்குப் போனால் வாடகைச் சலுகை, ஊக்கத்தொகை போன்றவற்றின் மூலம் அந்த ஓட்டுநர்களைக் கிராப் செயலியையே அதிகம் பயன்படுத்த வைக்க முடியும். மற்ற செயலிகளுக்கு ஓட்டுநர் கிடைப்பது இன்னும் கடினமாகும். எழுத்தில் யாரையும் கட்டிப்போட வேண்டியதில்லை. காருக்குச் சொந்தக்காரரும் செயலிக்குச் சொந்தக்காரரும் ஒருவராக இருந்தாலே போதும். அதே மாதத்தில் கிராப் ஒப்பந்தத்தைக் கைவிட்டது. ஒரு காசு அபராதம் இல்லை, நீதிமன்றம் இல்லை, ஓட்டுநர்களும் பயணிகளும் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். இணைவதற்கு முன் கேட்ட ஒரு கேள்வி, இணைந்தபின் விதித்த 1.3 கோடி வெள்ளி அபராதத்தைவிட அதிகம் சாதித்தது.

கிராப் பிறகு என்ன செய்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2025 ஏப்ரலில் கிராப்கேப் என்ற பெயரில் டாக்சி நடத்த உரிமம் பெற்றது. மூன்றாண்டுக்குள் குறைந்தது 800 டாக்சிகளாகப் பெருக வேண்டும் என்பது நிபந்தனை. இதில் எனக்கு ஆட்சேபமில்லை. சொந்தமாக டாக்சி வாங்கி, ஓட்டுநர்களைத் தேடிப் பிடித்து வளர்ந்தால் சந்தையில் ஒரு நிறுவனம் கூடுகிறது. டிரான்ஸ்-கேப்பை வாங்கியிருந்தால் ஒன்று குறைந்திருக்கும். போட்டித்தன்மைச் சட்டம் யாருடைய வளர்ச்சியையும் தண்டிப்பதில்லை, வளரும் வழியைத்தான் பார்க்கிறது.

முன்கூட்டியே கேட்டால் வேலை நடக்கும் என்பதற்கு இன்னும் பழைய உதாரணமும் உண்டு. 2014இல் ஜாப்ஸ்டிரீட் என்ற வேலைவாய்ப்புத் தளத்தை ஆஸ்திரேலியாவின் சீக் நிறுவனம் வாங்க முன்வந்தது. அதன் போட்டித் தளமான ஜாப்ஸ்டிபி ஏற்கெனவே சீக்கின் கையில் இருந்தது. வேலை தேடும் நம்மவர்கள் பலரும் அந்த நாளில் இந்த இரண்டு தளங்களிலும் விவரக்குறிப்பைப் போட்டு வைத்திருப்பார்கள். ஆணையம் நிபந்தனைகளோடு ஒப்புதல் கொடுத்தது: வேலை விளம்பரம் தரும் நிறுவனங்களைத் தனியுடன்பாட்டில் கட்டக்கூடாது, கட்டணத்துக்கு உச்சவரம்பு இருக்க வேண்டும், இன்னொரு வேலைத் தளத்தின் சொத்தை விற்றுவிட வேண்டும். யாரையும் ஒரே இடத்தில் கட்டாதே என்பது அப்போதே முதல் நிபந்தனையாக இருந்ததைப் பாருங்கள்.

உலகப் பெருநிறுவனங்கள் தங்களுக்குள் இணையும்போது சிங்கப்பூர் என்ன செய்ய முடியும்? இணைப்பு எங்கே நடந்தாலும் இங்குள்ள சந்தையைப் பாதித்தால் விசாரிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் நடைமுறையில் அதற்கு எல்லை இருக்கிறது. 2014இல் ஃபேஸ்புக் 1,900 கோடி டாலருக்கு வாட்ஸ்அப்பை வாங்கியதை எடுத்துக்கொள்வோம். வாட்ஸ்அப்புக்கு அப்போது சுமார் 45 கோடிப் பயனாளர்கள், வருவாயோ மிகச் சொற்பம். வருவாயை வைத்து அளக்கும் சட்டங்களுக்கு அது ஒரு சின்ன நிறுவனமாகவே தெரிந்திருக்கும். ஐரோப்பிய ஆணையம் அதை விசாரித்து ஒப்புதல் கொடுத்தது. பிறகு, இரு தளங்களின் பயனாளர் கணக்குகளை இணைப்பது பற்றி ஃபேஸ்புக் தவறான தகவல் தந்ததாக 2017இல் 11 கோடி யூரோ அபராதம் விதித்தது. அதற்குள் இணைப்பு முடிந்து இரண்டரை ஆண்டுகள் ஆகிவிட்டன.

ஊரிலிருக்கும் அம்மாவோடு பேச, கோயில் குழுச் செய்தி பார்க்க, பிள்ளையின் வகுப்பு விவரம் அறிய என்று சிங்கப்பூர்த் தமிழர் வீட்டில் எல்லாமே வாட்ஸ்அப்பில்தான். கார்ப் பயணத்தில் விலை 10 விழுக்காடு ஏறியது என்று சொல்லலாம். இங்கே விலையே இல்லை. கெடுதி நடந்தால் அது நம் தகவல் எங்கே போகிறது என்பதில் நடக்கும். 2021இல் வாட்ஸ்அப் தன் தனியுரிமை விதிகளை மாற்றி, ஏற்காவிட்டால் முழுமையாகப் பயன்படுத்த முடியாது என்றபோது நம்மில் எத்தனை பேர் வேறு செயலிக்குப் போனோம்? போக முயன்றவர்களும் உறவினர் எல்லாரும் இங்கேதானே இருக்கிறார்கள் என்று திரும்பி வந்தார்கள். அந்த விதிமாற்றத்துக்காக இந்தியப் போட்டித்தன்மை ஆணையம் 2024 நவம்பரில் ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவுக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது, விவகாரம் மேல்முறையீட்டுக்கும் போனது.

இதனால்தான் பல நாடுகள் அளவுகோலையே மாற்றியிருக்கின்றன. ஜெர்மனி 2017இலேயே ஒப்பந்தத்தின் விலையைக் கணக்கில் எடுக்கத் தொடங்கியது. வாங்கப்படும் நிறுவனத்தின் வருவாய் சிறிதாக இருந்தாலும் விலை 40 கோடி யூரோவைத் தாண்டினால் தெரிவிக்க வேண்டும். இந்தியாவில் 2024 செப்டம்பர் முதல் 2,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட, இந்தியாவில் கணிசமான தொழில் உள்ள ஒப்பந்தங்களுக்கு இதே முறை. சிங்கப்பூர் தன் வழிகாட்டிக் குறிப்புகளைத் திருத்தி, 2022 பிப்ரவரி முதல் தகவல் மீதான பிடி, பயனாளர் திரளும் சுழற்சி, புதுமை ஆகியவற்றையும் எடைபோடுவதாகத் தெளிவுபடுத்தியது. நல்ல திருத்தம். ஆனால் தெரிவிப்பது விருப்பம் என்ற அடிப்படை மாறவில்லை. எல்லாத் தொழிலுக்கும் இல்லாவிட்டாலும், ஏற்கெனவே ஆதிக்கம் பெற்ற செயலி நிறுவனங்கள் இன்னொன்றை வாங்கும்போதாவது முன்கூட்டித் தெரிவிப்பதைக் கட்டாயமாக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது. 2018ஐயும் 2024ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவருக்கு வேறு சான்று தேவையில்லை.

இப்போது வேறொரு கேள்வி வந்துகொண்டிருக்கிறது. சிங்கப்பூரின் பொங்கோல் வட்டாரத்தில் ஓட்டுநரில்லா வாகனச் சேவை நடத்த 2025 செப்டம்பரில் நிலப் போக்குவரத்து ஆணையம் தேர்ந்தெடுத்த இரு நிறுவனங்கள் கிராப்பும் கம்ஃபர்ட்டெல்குரோவும். ஓட்டுநரில்லா வாகனத் தொழில்நுட்பம் தரும் சீன நிறுவனங்களில் கிராப் வீரைடுடனும் கம்ஃபர்ட்டெல்குரோ போனி.ஏஐயுடனும் கைகோத்திருக்கின்றன. கிராப் வீரைடில் முதலீடு செய்வதாகவும் அறிவித்திருக்கிறது. சிங்கப்பூர் வழிகாட்டிக் குறிப்புகளின்படி, 30 முதல் 50 விழுக்காடு வாக்குரிமை இருந்தால் கட்டுப்பாடு இருப்பதாக முதலில் அனுமானிப்பார்கள். அதற்குக் குறைவான பங்குக்கு அந்த அனுமானம் இல்லை. அதனால் இப்படிப்பட்ட சிறு முதலீடுகள் பெரும்பாலும் இணைப்பு என்ற கணக்கிலேயே வருவதில்லை.

இதுவரை நமக்குக் கிடைத்த பாதுகாப்பு முழுக்க ஒரு மனிதரை நம்பியிருந்தது. இரண்டு மூன்று செயலிகளைத் திறந்து வைத்துக்கொண்டு, எது நல்ல விலை தருகிறதோ அதற்குப் போகிற ஓட்டுநர் அவர். காரில் ஓட்டுநரே இல்லாத நாளில் அந்த உரிமை யாருக்குப் போகும்? வாகனத்தை வைத்திருக்கும் நிறுவனமும் செயலியும் ஒரே வீட்டுக்காரர்கள் என்றால் இன்னொரு செயலிக்கு அந்த வாகனம் போகப்போவதில்லை. 2020 சட்டத்திலுள்ள தடை ஓட்டுநரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. ஓட்டுநரில்லா வாகனங்களுக்கு உரிமம் கொடுக்கும்போதே, எந்தச் செயலி கூப்பிட்டாலும் நியாயமான கட்டணத்துக்கு அந்த வாகனம் வர வேண்டும் என்ற நிபந்தனையையும் எழுதிவிட வேண்டும். வாகனங்கள் ஆயிரக்கணக்கில் ஓடத் தொடங்கிய பிறகு இதைக் கேட்டால் 2018இல் கிடைத்த அதே பதில்தான் கிடைக்கும்.